ஸ்கூல் டிசிய மட்டும் நம்பி கேஸ் நடத்தினா

போக்சோ (18 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க மேல நடக்குற பாலியல் குற்றத்துக்கான சட்டம்) தண்டனை அப்பீல்ல உடையுதுன்னு கட்டுரையில போட்டிருக்கீங்க, உடனே பாதி பேர் ஜட்ஜை திட்ட ஆரம்பிச்சாச்சு. அவர் என்னங்க பண்ணுவாரு, பொண்ணுக்கு 18 முடியலன்னு நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. 2023 ஜூலையில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னதும் நம்ம தமிழ்நாட்டு கேஸ்தான், அதுல வயசுக்கு காட்டினது ஸ்கூல் டிசி, அதான் மாற்றுச் சான்றிதழ். சிறார் நீதிச் சட்டம் 94வது பிரிவுல ஸ்கூல் குடுக்கிற பிறந்த தேதி சான்று இல்ல பத்தாவது சர்டிபிகேட், அது இல்லன்னா நகராட்சியோ பஞ்சாயத்தோ குடுத்த பிறப்புச் சான்று, ரெண்டும் இல்லாதப்பதான் வயசு பாக்குற எலும்பு டெஸ்ட்னு வரிசை இருக்கு, டிசி அதுல சேராதுன்னுட்டாங்க. டாக்டரோ 18லருந்து 20ன்னு சொல்லியிருந்தாரு, போக்சோ தண்டனை போச்சு.

டிசில இருக்கிற தேதி எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும். என்னை ஒண்ணாவது சேர்த்தப்போ ஹெட்மாஸ்டர் தலைக்கு மேல கைய சுத்தி காதை தொடச் சொன்னாரு, விரல் எட்டுச்சு, ஜூன் 1ன்னு எழுதிட்டாரு. நான் பொறந்தது பொங்கல் கழிச்சு மூணாம் நாள்னு எங்கம்மா இன்னிக்கும் சொல்லும். என் செட்டுல பாதி பேருக்கு பொறந்தநாள் மே, ஜூன்தான் (எல்லாரும் கோடை லீவுல பொறந்தோம் போல!).

இப்பல்லாம் பிரசவம் ஆஸ்பத்திரியில, 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும்னு சட்டமும் இருக்கு, அந்தச் சான்றை எஃப்ஐஆர் போட்ட வாரத்துலயே வாங்கி ஃபைல்ல வைக்க என்னதான் கஷ்டம்? விசாரணையில அதை விட்டுட்டு அப்பீல்ல போய் முழிக்கிறாங்க, அந்தப் பிள்ளை கோர்ட்ல நின்னு சொன்னதெல்லாம் ஒரு காகிதம் இல்லாம அடிபட்டுப் போகுது.