பீக்கன் இருந்தால் ஹெலிகாப்டர் வந்துவிடுமா?

"பீக்கன் கருவியை மாட்டினால் போதும், பனிச்சரிவில் புதைந்தாலும் மீட்புக் குழு சிக்னலைப் பிடித்து ஹெலிகாப்டரில் வந்துவிடும்" என்று கனடா மலைகளில் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி ஓட்டுவது பற்றி ஒரு பேச்சு சுற்றுகிறது. தவறு.

பீக்கன் என்பது உடம்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய ரேடியோ கருவி. 457 கிலோஹெர்ட்ஸில் அது அனுப்பும் சிக்னல் சில பத்து மீட்டர்தான் எட்டும். செயற்கைக்கோளுக்கெல்லாம் போகாது. அதைப் பிடிக்க வேண்டியவர் கூட வந்த கூட்டாளி. அவரிடமும் அதே கருவி இருக்க வேண்டும், தேடவும் பழகியிருக்க வேண்டும். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் தேறினாலே பெரிது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள். கட்டணம் வாங்குவதில்லை, சரி. ஆனால் வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் கிளம்பி வர வேண்டுமே!

மண்வாரியும் துழாவும் கம்பியும் முதுகுப்பையில் இருக்கட்டும். வண்டியில் கட்டிவைத்தால் வண்டியோடு அவையும் புதையும். சரிவில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம். ஒருவர் சிக்கிக்கொண்டால், உதவுகிறேன் என்று அடுத்தவரும் மேலே போவது ஆபத்து. 2010 மார்ச்சில் அதே மாகாணத்தின் ரெவல்ஸ்டோக் ஊர் அருகே பௌல்டர் மலையில் ஸ்னோமொபைல் கூட்டத்தின் மேல் பனி சரிந்து 2 பேர் இறந்தார்கள். இதையெல்லாம் கற்றுத்தரும் அடிப்படைப் பயிற்சிக்கு இரண்டு நாள் போதும்.