பகிடி எழுதுகிறவர் முந்திச் சிரிக்கக் கூடாது

இலங்கையின் வடக்கில் இருக்கிற வன்னியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எங்கள் ஆட்களுக்குக் கை தன்பாட்டில் துயரத்தின் பக்கம் போய்விடுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. 2009இன் இறுதிப் போரைக் கடந்து வந்த சனம் இது. ஆனால் அதே சனம்தான் சந்தியிலும் சங்கக்கடை வாசலிலும் வயல் வரம்பிலும் நின்று நாள் முழுக்கப் பகிடி கதைக்கிறது. அந்தப் பகிடி எழுத்தில் வருவது குறைவு. வந்தாலும் பாதி வழியில் செத்துப்போகிறது. அது ஏன் சாகிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஒன்றை எடுத்துப் பார்ப்போம். இரவில் யானை வந்து வாழைத் தோட்டத்தை அழித்துவிட்டது. தோட்டக்காரப் பெரியவர் நட்டஈடு கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போகிறார். படிவம் நிரப்புகிற பெடியன் கேட்கிறான்.

“யானை வந்ததை ஆர் ஐயா கண்டது?”

“நான்தான் தம்பி.”

“வேற சாட்சி?”

“நாய் கண்டது தம்பி. கையெழுத்து வைக்காது.”

கதை இவ்வளவுதான். இதில் பெரியவர் பகிடி விடவே இல்லை. கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறார். நாய் கண்டது உண்மை. படிவத்தில் சாட்சியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பதும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் பேசாமல் இருக்கிறார். சரி, இதையே “நாய் கையெழுத்து வைக்காது தம்பி, ஆனா அது கண்டது” என்று மாற்றிப் பாருங்கள். சொற்கள் ஏறக்குறைய அவைதான், சிரிப்பு மட்டும் போய்விட்டது. சிரிக்க வைக்கிற சொல் கடைசியில் நிற்க வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவது இதற்கு எவ்வளவு பெரிய வசதி! “கையெழுத்து” என்கிற வரைக்கும் கிழவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது.

இதே கதையை முகநூலில் எழுதுகிறவர்கள் பலர் அதோடு நிறுத்துவதில்லை. “இதைக் கேட்டு அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது” என்று ஒரு வரி. அப்புறம் கண்ணீர் வடியச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் நாலு. அதற்கும் கீழே அதிகாரிகளின் அலட்சியம் பற்றி ஒரு பந்தி. வாசகருக்கென்று இருந்த சிரிப்பை எழுதுகிறவரே எடுத்துக்கொண்டால் வாசகர் என்ன செய்வார்? அலட்சியம் பற்றிய கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் முழுவதும் “கையெழுத்து வைக்காது” என்பதற்குள் ஏற்கெனவே இருக்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களங்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இப்போது நாங்கள் நகைச்சுவை என்று எழுதுவதில் பெரும்பகுதி முதலாவதோடு நின்றுவிடுகிறது. எள்ளல் சுலபம், ஒரு ஆளைப் பிடித்து நக்கலடித்தால் போதும். எனக்குப் பிடித்தது கடைசியாக வருகிற மடன். கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாமல் பிடித்திருப்பது என்று அதற்கு உரை சொல்வார்கள். யானைக்குச் சாட்சி கேட்கிற பெடியனிடம் இருப்பது அதுதான். அவன் கெட்டவன் இல்லை. படிவம் கேட்கச் சொன்னதைக் கேட்கிறான். அதனால்தான் அந்தக் கதையில் யார்மேலும் வெறுப்பு வருவதில்லை.

எள்ளலில் ஒரு வகை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் அதில் நிறையப்பேர். அவர்கள் கதைக்கும் விதத்தை அப்படியே எழுதி, அதையே பகிடி என்று போடுகிறார்கள். அதில் கதை கிடையாது, நிலைமை கிடையாது, ஒரு மனிதரின் நாக்கு மட்டும்தான் இருக்கிறது. காடு வெட்டிக் கழனியாக்கிய கைகளுக்குச் செய்கிற அவமரியாதை அது. இதை நான் பகிடியாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

இன்னொரு சிக்கல், வாசகருக்குத் தெரியாத விஷயத்தை எங்கே சொல்வது என்பது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் கிடைப்பது பெரும்பாடு. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார்கள். ஸ்ரார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். ஓடத் தொடங்கினால் மண்ணெண்ணெய் போதும். இனிக் கதை. ஒருவர் செத்தவீட்டுக்கு வருகிறார். படலையடியில் எஞ்சினை நிறுத்தாமல், இறங்காமல், அதன்மேல் இருந்தபடியே துக்கம் விசாரிக்கிறார். செத்தவரின் மகன் வெளியே வந்து, “உள்ளுக்கு வாங்கோ அண்ணை” என்கிறான். “ஏலாது தம்பி, நிப்பாட்டினா நானும் இஞ்சைதான்.”

பெற்றோல் விஷயத்தை நான் முதலிலேயே சொல்லிவிட்டதால்தான் இது நிற்கிறது. 2002இல் வன்னியூடாகப் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் துளிக்கணக்குத் தெரியாது. கதையை முடித்துவிட்டு “ஏனென்றால் அந்தக் காலத்தில்...” என்று தொடங்கினால் அவர்கள் தலையாட்டுவார்கள், சிரிக்கமாட்டார்கள். அதோடு, உரையாடலைப் பேச்சு வழக்கிலேயே விடுங்கள். “நிறுத்தினால் நானும் இங்கேதான்” என்று திருத்தினால் அந்த மனிதர் மோட்டார் சைக்கிளோடு காணாமல் போய்விடுவார்.

இந்தக் கலை எங்களுக்குப் புதிதல்ல. கேலிச்சித்திரக்காரர் சிவஞானசுந்தரம் என்ற சுந்தர் அறுபதுகளில் ‘சிரித்திரன்’ நகைச்சுவைச் சஞ்சிகையைக் கொழும்பில் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து நடத்தினார். அவருடைய கேலிச்சித்திரப் பாத்திரங்களான சவாரித்தம்பரையும் சின்னக்குட்டியையும் தெரிந்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கேலிச்சித்திரத்துக்குக் கீழே ஒன்றிரண்டு வரிதான், அதுவும் தெருவில் கேட்கிற பேச்சு. சுருக்கம் என்றால் என்னவென்று அந்த வரிகளில் படிக்கலாம்.

வன்னியிலிருந்தும் அப்படி எழுத்து வரவேண்டும் என்பது என் ஆசை. துளிப் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டவர்கள் எல்லோரும் முதுமைக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் அழுகையைப் பதிவு செய்ய ஆட்கள் வருகிறார்கள், நல்லது. ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போது அவர்கள் சொல்கிற கதையையும் யாராவது அரைப்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.