கிருமித்தொற்று காய்ச்சல் இல்லாமலும் வரும்
அறுவை சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல் வந்தாலே கிருமித்தொற்றுதான் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பது சரியாகப் படவில்லை. முதல் இரண்டு நாள் காய்ச்சல் பெரும்பாலும் வெட்டுப்பட்ட திசுவுக்கு உடல் காட்டும் அழற்சிதான். ரத்தத்தில் சி.ஆர்.பி. (அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்) அளவும் 2, 3ஆம் நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். இறங்காவிட்டால்தான் கவலை. என் அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டியை எடுத்துவிட்டு குடலை இணைத்துத் தைத்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சலே இல்லை; ஆனால் நாடித்துடிப்பு 120, வயிறு உப்பிக் கல் மாதிரி, இட்லியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயு என்று சொல்லி ஒரு நாளை ஓட்டிவிட்டார்கள். சி.டி. ஸ்கேனில் தையல் போட்ட இடத்தில் கசிவு, அன்றிரவே மறுபடி தியேட்டர். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டால் போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு வலிக்காக அதுதான் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் வெளியே தெரியாததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.