படம் போடுறவங்களே, முதல்ல நீங்க ஒருக்கா பாருங்க!

தேயிலைத் தோட்டத்து மண்டபத்துல பழைய படம் போடுறது நல்ல விஷயம்தான். ஆனா சனம் வந்து உட்கார முன்னால ஒரு பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தா என்ன குறைஞ்சு போகும்?

'தி ஆஃப்ரிக்கன் குயின்' 1951இல் வந்தது. ஜின் போத்தலே கதின்னு கிடக்கிற ஒரு படகுக்காரன், கட்டுப்பெட்டியான ரோஸ்ங்கிற ஒரு மிஷன் அம்மா, ஒரு ஓட்டைப் படகு. மொத்தக் காதலும் அந்த ரெண்டு பேர் வாக்குவாதத்துலதான் இருக்கு. அதைப் புரியாம ஆக்கிட்டு எதுக்குய்யா படம்?

படக் கோப்பு ஓடுறது செக்கனுக்கு 23.976 பிரேம் (தனித்தனிப் படம்). நீங்க மாட்டுற சப்டைட்டில் 25க்குச் செஞ்சது. தொடக்கத்துல தெரியாது. அரை மணித்தியாலம் போனா வசனம் ஒரு நிமிஷத்துக்கு மேல முந்திடும், 105 நிமிஷப் படம் முடியிறப்போ நாலு நிமிஷம். ரோஸ் வாயே திறக்காம போத்தல் போத்தலா ஜின்னை ஆத்துல கவிழ்க்கிறா. கீழே அடுத்த சண்டை ஓடுது. கடைசியில இன்னும் மோசம்: அந்த ரெண்டு பேருக்கும் தூக்குத் தண்டனை சொல்ல முன்னாலேயே கல்யாணம் முடிஞ்சிடும்!

உடனே ஒரு தம்பி ஓடிவந்து படம் ஓட்டுற வீஎல்சி மென்பொருள்ல ஜீ, எச் பொத்தானைத் தட்டு தட்டுன்னு தட்டுவார். ஒரு தட்டுக்கு 50 மில்லி செக்கன். எல்லா வசனமும் ஒரே அளவு நகருமே தவிர வேகம் மாறாது, பத்து நிமிஷத்துல திரும்ப 24 செக்கன் பிசகும். 'சப்டைட்டில் எடிட்'ங்கிற மென்பொருள்ல சப்டைட்டிலோட பிரேம் வேகத்தை 25லிருந்து 23.976க்கு மாத்துங்க. முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் வாயசைவோட ஒத்துப் பாருங்க. சேமிக்கிறது தமிழ் எழுத்தைத் தாங்கிற யூடிஎஃப்-8 முறையில. பழைய ஆன்சி முறையில சேமிச்சா தமிழ் அத்தனையும் கேள்விக்குறி, அதுக்குப் பிறகு மீட்கவும் ஏலாது.

படத்தோட அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்குதான். ப்ரொஜெக்டர் அதை 16:9க்கு இழுத்தா ரோஸா நடிக்கிற கத்தரின் ஹெப்பர்னோட ஒல்லி முகம் பூசணிக்காய். மெனுவுக்குப் போய் 4:3 ஆக்க அரை நிமிஷம்.

(நாணலுக்குள்ள படகை இழுத்துட்டு படகுக்காரனா நடிக்கிற ஹம்ப்ரி போகார்ட் உடம்புல அட்டைப்பூச்சியோட ஏறுற காட்சிக்கு மட்டும் சப்டைட்டில் வேண்டாம். உப்பு போடச் சொல்லி இங்க சனமே கத்தும்.)

சத்தம்தான் பெரிய கொடுமை. லெப்டொப்பின் 3.5 மில்லிமீற்றர் துளையிலிருந்து ஒற்றை ஸ்டீரியோ வயரை மிக்சரின் பேலன்ஸ்ட் துளையில (ரெண்டு கம்பியோட வித்தியாசத்தை மட்டும் எடுக்கிற துளை) குத்தினா, வலதும் இடதும் ஒண்ணையொண்ணு கழிச்சிடும். இது மோனோ படம், ரெண்டு பக்கமும் ஒரே சத்தம். கழிச்சா மிஞ்சுறது ஒண்ணுமில்ல! படம் ஊமைன்னு முடிவு கட்டி வால்யூமை முழுசா ஏத்தினா இரைச்சல் மட்டும்தான் வரும். ரெண்டு மோனோ முனையாப் பிரியிற வயர் வாங்கி ரெண்டு சேனல்ல போடுங்க. அந்த நேரத்துக்கு வயர் இல்லைன்னா முனையைப் பாதி மட்டும் செருகிச் சமாளிக்காதீங்க, கரகரன்னு உயிரை வாங்கும்.

ஸ்பீக்கர் பொக்ஸ் ரெண்டையும் திரைக்குப் பக்கத்துல அடுக்கி வைக்கிறதையும் விடுங்க. ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் ஜூன் மழை தகரத்துல அடிக்கத் தொடங்கினா மூணாவது வரிசைக்குக்கூடப் பேச்சு வராது. மண்டபத்தின் நடுவுல, ரெண்டு சுவரிலும் ஆள் தலைக்கு மேல கட்டுங்க. அப்பவும் கேட்கலைன்னா மழை விடுற வரைக்கும் படத்தை நிப்பாட்டி வைங்க.