யார் காலில் கிடந்ததோ!

பழைய வெள்ளிக் கொலுசுகளை உருக்கிப் புது நகை செய்து விற்கிறேன். போன சனிக்கிழமை என் ஸ்டாலில் நடந்ததை அன்றைக்கே எழுதியிருந்தேன், முழுக் கதையும் மறுபடி வேண்டாம். ஜிமிக்கி பார்க்க ஒரு அக்கா வந்தார். அந்த அக்காவுக்கு ஜிமிக்கி பிடித்துத்தான் இருந்தது. காதருகே வைத்துக் கண்ணாடிகூடப் பார்த்தார். பழைய வெள்ளியை உருக்கிச் செய்தது என்று நான் வாயை விட்டதும், "யார் கால்ல கிடந்த கொலுசோ, அதைக் காதுல போடறதா?" என்று வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் நகர்ந்துவிட்டார்கள்.

வெள்ளியில் ஏதுங்க பழசு, புதுசு? 961 டிகிரியில் உருகி ஓடுகிற உலோகத்தில் யார் காலும் ஒட்டிக்கொண்டிருக்காது.

உங்கள் பாட்டியின் அட்டிகையைக் கடையில் போட்டுப் புது ஆரம் வாங்கினீர்களே, அந்த அட்டிகை எங்கே போனது? கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறார்களா? உருக்கிச் சுத்தம் பண்ணி இன்னொருத்தர் கழுத்துக்குப் போயிருக்கும். நகையை அழித்துச் செய்வது நம் வீடுகளில் புதிதா என்ன? கடைக்காரர் செய்தால் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர், நான் செய்தால் தீட்டு.

அடுத்தது "பழசுதானே, பாதி விலைக்குக் கொடு" கோஷ்டி. கணக்கே சொல்கிறேன். 65 டச் கொலுசு, அதாவது நூற்றுக்கு 65 பங்கு வெள்ளி உள்ளது, 100 கிராம் என்றால் உள்ளே சுத்த வெள்ளி 65 கிராம்தான். அதை வைத்து 92.5 வெள்ளி செய்தால் 70 கிராம் வரும். மீதி செம்பும் பற்றவைப்பும் அழுக்கும். அந்த 65 கிராமுக்கு அன்றைய வெள்ளி விலை கொடுத்துத்தான் வாங்குகிறேன், யாரும் இனாமாகத் தரவில்லை. அப்புறம் சுத்தம் பண்ணக் கூலி, பத்தர் கூலி, சேதாரம். பாதி விலை எங்கிருந்து வரும்?

"சுத்தம் பண்ண ஆசிட் ஊற்றுகிறீர்களே, அது மட்டும் இயற்கையா?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஊற்றுகிறோம், நைட்ரிக் ஆசிட். புது வெள்ளிக்காகச் சுரங்கத்தில் இன்னொரு பாறையை உடைக்க வேண்டாமே என்றுதான் பழசை உருக்குகிறேன், நான் புனிதம் என்றா சொன்னேன்? சரி, விடுங்கள்.

தொழில் ஆரம்பித்தபோது உலோகம் உருக்கும் மூசைக்குள் முதலில் போனது என் அம்மாவின் கொலுசு. கல்யாணத்துக்குத் தாத்தா போட்டது. திருகாணி மரை போய், நூல் கட்டி, பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. பத்தர் அண்ணன் வெண்காரம் தூவி ஊத, சலங்கை முத்துகள் ஒவ்வொன்றாக அமுங்கி, கடைசியில் பளபளவென்று ஒரு குண்டு உருண்டது. அம்மா பட்டறை வாசலோடு நின்றுவிட்டாள். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எடை சரியா பாத்தியா?"

அவள் கேட்டதில் இருந்த மரியாதைகூட சொந்தக்காரர்களிடம் இல்லை. "பொழுதுபோக்கா ஏதோ பண்றா" என்கிறார்கள். மூன்று வருஷமாக ஜிஎஸ்டி கட்டுகிற பொழுதுபோக்கு!

எல்லாவற்றையும்விட வலித்தது நெருங்கிய தோழி சொன்னதுதான். "ஏன்டி பழசுன்னு சொல்றே? சொல்லாம வித்துடு, யாருக்குத் தெரியும்?" நல்லதுக்குத்தான் சொன்னாள், தெரியும். ஆனால் சொல்லாமல் விற்பதென்றால் நான் எதற்கு, ஊரில் கடைக்கா பஞ்சம்?

வரும் சனிக்கிழமை அதே இடத்தில்தான் ஸ்டால். 'பழைய கொலுசு வெள்ளியில் செய்தது' என்று போன தடவையைவிடப் பெரிய எழுத்தில் போர்டு எழுதியாகிவிட்டது. அந்த ஜிமிக்கியும் இருக்கும், விலையும் அதேதான்.