பெண்கள் ஆடினால் மட்டும் ஏன் இந்தச் சிரிப்பு?

மட்டக்களப்பில் கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் எந்தத் தேநீர்க்கடைக்குப் போனாலும், பெண்கள் கிரிக்கெட் என்ற பேச்சு எழுந்தவுடனேயே, "பொம்பிளையளுக்கு ஏன் இந்த விளையாட்டு?" என்று சிரிக்க ஒருவர் இருக்கிறார், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 2023 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் நம் இலங்கை ஆண்கள் அணி இந்தியாவிடம் வெறும் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டபோது, ஆண்களுக்கு ஏன் கிரிக்கெட் என்று யாராவது கேட்டார்களா? அடுத்த ஆண்டே அதே இந்தியாவைத் தம்புள்ளையில் 8 விக்கெட்டுகளால் வீழ்த்திப் பெண்கள் அணி ஆசியக் கிண்ணத்தை வென்றது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், தென்னாபிரிக்கா எடுத்த 301 ஓட்டங்களைத் துரத்திச் சென்று, அணித்தலைவி சமரி அத்தபத்து ஆட்டமிழக்காமல் 195 ஓட்டங்கள் குவித்து வெற்றி தேடித் தந்தார். சிரிப்பவர்களில் எத்தனை பேர் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள்? பார்க்காமலே தீர்ப்புச் சொல்ல இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

எனக்குப் பொறுக்கவே முடியாதது, மைதானத்தில் பயிற்சி எடுக்கும் சிறுமிகளின் காதில் விழும்படியே, "வெயிலில கறுத்துப் போனா ஆரு கட்டுவான்?" என்று சொல்வதுதான். அந்தப் பிள்ளை மனம் நொந்து மட்டையைக் கீழே வைத்துவிட்டால், பெண்பிள்ளைகள் எதிலும் நிலைத்து நிற்பதில்லை என்று மறுநாள் சொல்வதும் இதே வாய்தான்.