திரும்பி வரும் வண்டிக்கும் டீசல் போட வேண்டும்

"திருச்சி ஏர்போர்ட் ட்ராப்தானேண்ணே, ரெண்டாயிரம் வாங்கிக்கங்க. ஒரு பக்கம்தானே நாங்க வர்றோம்."

என் அண்ணன் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது இந்தப் பேச்சைக் கேட்கிறார். பெரும்பாலும் சரி என்று சொல்லிவிடுகிறார். சொல்லாவிட்டால் ஸ்டாண்டில் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணன் காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். 2017 மாடல் டீசல் டிசையர், மஞ்சள் போர்டு. நான் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மூட்டை, லாரி வாடகை, கூலி என்று பைசா பிசகாமல் பார்க்கிற எனக்குச் சொந்த அண்ணன் மாதம் எவ்வளவுக்கு டீசல் போடுகிறார் என்று தெரியாது. அவருக்கும் தெரியாது. கேட்டால் "இருபதாயிரம் வரும்டா" என்பார். கையில் இருப்பதைப் பொறுத்து ஐந்நூறுக்கு ஒரு தரம், ஆயிரத்துக்கு ஒரு தரம் என்று போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? "வண்டி ராத்திரி பகலா ஓடுது, கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குதே தம்பி" என்று அண்ணி ஒருநாள் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது.

2025 தை மாதம், பொங்கலன்று தொடங்கி முப்பது நாளும் எழுதினோம். நகைக்கடையில் கொடுத்த சின்ன டைரி, ரப்பர் பேண்டில் செருகிய ஒரு பேனா. கியருக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கிடக்கும். முதல் நாள் டேங்க்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொண்டோம். அப்புறம் டீசல் போடும்போதெல்லாம் லிட்டரும் ரூபாயும், சவாரி ஏறும்போது ஒரு ரீடிங், இறங்கும்போது ஒரு ரீடிங். கடைசி நாள் மறுபடி டேங்க் ஃபுல். இதோடு நான் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். வண்டியில் ஆள் இல்லாமல் ஓடிய கிலோமீட்டர். அந்தப் பத்திக்கு "காலி" என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். முதல் வாரம் அண்ணனுக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாவது வாரம் அவரே ராத்திரி போன் போட்டு, அன்றைய கணக்கை வாசித்துக் காட்ட ஆரம்பித்தார்.

மாதம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது வண்டி ஓடியது 5,460 கிலோமீட்டர். டீசல் 304 லிட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கிடைத்திருக்கிறது, எட்டு வருட வண்டிக்கு அது நல்ல மைலேஜ். டீசல் செலவு 28,270 ரூபாய். இருபதாயிரம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் எட்டாயிரம் வித்தியாசம்.

வாடகையாக வந்தது 62,400. டீசல் போக 34,130. வண்டி ட்யூ 11,000. டோல் 2,450. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று போட்டு, அதில் ஒரு மாதப் பங்காக 7,500 எடுத்து வைத்தோம். மிச்சம் 13,180 ரூபாய். இது தை மாதக் கணக்கு. கல்யாணம், சஷ்டியப்த பூர்த்தி, வெளியூரிலிருந்து வந்தவர்கள், செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிறவர்கள் என்று ஓட்டம் இருக்கிற மாதம். ஆடியிலும் மார்கழியிலும் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ட்யூ எல்லா மாதமும் அதே பதினொன்றுதான்.

அந்தக் "காலி" பத்தியைக் கூட்டும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. 2,150 கிலோமீட்டர். ஓடியதில் நூற்றுக்கு முப்பத்தொன்பது. பதினோராயிரம் ரூபாய் டீசல், யாருமே உட்காராத வண்டிக்கு எரிந்திருக்கிறது. அண்ணன் வாடகை பேசத் தெரியாதவர் இல்லை, நம் ஊர் அமைப்பே அப்படி. காரைக்குடியிலிருந்து மதுரை விமான நிலையமும் தூரம், திருச்சி விமான நிலையமும் தூரம். சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களைத் திருச்சியில் நடுராத்திரி இறக்கிவிட்டால், அந்த நேரத்தில் காரைக்குடிக்கு வர யார் நிற்பார்கள்? வண்டி புதுக்கோட்டை, திருமயம் வழியாக இருட்டில் சும்மாதான் திரும்பும். ஊருக்குள்ளேயும் இதே கதைதான். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் போய் ஆளை ஏற்ற வேண்டும், கல்லலில் இறக்க வேண்டும், திரும்பி ஸ்டாண்டுக்கு வர வேண்டும். ஊர்கள் எல்லாம் சிதறிக் கிடக்கின்றன.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் போனில் டாக்ஸி ஆப்பைத் திறந்து காட்டி, கிலோமீட்டருக்கு இவ்வளவுதான் என்கிறார்கள். சென்னையில் கிண்டியில் ஒருவரை இறக்கினால் அங்கேயே அடுத்த ஆள் ஏறுவார். இங்கே அப்படி இல்லை. அந்த ரேட்டை இங்கே கொண்டுவந்து வைப்பது நியாயம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, அந்த ஏர்போர்ட் ட்ராப்பையே எடுத்துக்கொள்வோம். போக வர 170 கிலோமீட்டர் பக்கம். டீசல் மட்டும் 880 ரூபாய். அண்ணன் கேட்பது 2,600. இரண்டாயிரத்துக்கு முடித்தால் டீசல் போக 1,120. டோல், பார்க்கிங், ஒரு டீ, அன்றைய நாளுக்கான ட்யூ பங்கு 370 ரூபாய், டயர் தேய்மானம் எல்லாவற்றையும் கழித்தால் ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு அவருக்குக் கிடைப்பது முந்நூறோ நானூறோ. பேரம் பேசிக் குறைத்த அறுநூறு ரூபாய் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டில்தான் குறைகிறது. அது டீசலில் குறையாது, டோலில் குறையாது, ட்யூவிலும் குறையாது. பேரம் பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனோடு போயிருந்தேன். வெளியூர்க் குடும்பம். காலையில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. அப்புறம் ஆத்தங்குடியில் தரைக் கல் செய்கிற இடம், கடைசியில் கானாடுகாத்தான். பெரிய வீட்டைப் பார்க்க இறங்கும்போது, "பிள்ளை தூங்குது, ஏசியை ஆஃப் பண்ணிடாதீங்கண்ணே" என்று சொல்லிப் பாட்டியையும் குழந்தையையும் வண்டியில் விட்டுவிட்டுப் போனார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் எதிர்ச்சுவர் நிழலில் நின்றோம். அண்ணன் அடிக்கடி போய்க் கண்ணாடி வழியாக முள்ளைப் பார்த்துவிட்டு வந்தார். நிற்கிற வண்டியில் ஏசி ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும் என்று அவர் அனுபவத்தில் சொல்வார். குழந்தைக்கு ஏசி வேண்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் சாயந்தரம் கணக்குப் பார்க்கும்போது அவர்கள் சொன்னது, "நின்ன நேரத்துக்குமா காசு? வண்டி ஓடவே இல்லையே." வெயிட்டிங்கில் இருநூறு ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார்கள். அண்ணன் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறி டைரியை எடுத்து அந்த இருநூறையும் எழுதினார். பேனா அழுந்தி அடுத்த பக்கத்திலும் அச்சு விழுந்திருந்தது.

இன்னொன்றும் அந்த டைரியில் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு ஒரு மணிக்கு வருவார்கள். அப்புறம், "ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு, கொஞ்சம் விரட்டுங்கண்ணே." எண்பதில் போனால் லிட்டருக்குப் பத்தொன்பது இருபது கொடுக்கிற வண்டி, நூறைத் தாண்டி விரட்டினால் பதினாறுக்கு வந்துவிடுகிறது. நம் தாமதத்துக்கும் டீசல் போடுவது ஓட்டுகிறவர்தான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. டீசல் விலை 2014 அக்டோபரில் அரசின் கட்டுப்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் லிட்டர் அறுபது ரூபாயை ஒட்டி இருந்தது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்க தினமும் விலையை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனது. 2025 தை மாதம் நாங்கள் போட்டது 93 ரூபாய்க்கு. அப்போது அதில் மத்திய கலால் வரி லிட்டருக்கு 15 ரூபாய் 80 காசாக இருந்தது. மாநில அரசின் வாட் வரி 11 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. 304 லிட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வரியாகவே போயிருக்கிறது. வீட்டுக்கு அவர் கொண்டுபோனது பதின்மூன்றாயிரம். ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவரச் சொல்லி எத்தனையோ வருடமாகப் பேச்சு நடக்கிறது, நடக்கட்டும். அது டெல்லியிலும் சென்னையிலும் முடிவாக வேண்டியது. வாடகை பேசுவது நம் வாசலில் நடக்கிறது, அதை நாம் இன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம்.

"பேட்டரி கார் வாங்கிட வேண்டியதுதானே" என்கிறார்கள். வாங்கினால் நல்லதுதான், நானும் ஆசைப்படுகிறேன். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் ஊரில்தான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற இடம். அதன் வாசல் வழியாகத் தினமும் ஓட்டுகிறவர்கள் நம் டிரைவர்கள். என்றைக்காவது அவர்கள் கைக்கு எட்டுகிற விலையில் ஒரு வண்டி வர வேண்டும். இப்போதைக்குப் பழைய டீசல் வண்டியின் ட்யூவே முடியாதவரிடம் புது வண்டி வாங்கச் சொல்வது சரியில்லை.

டிரைவர் அண்ணன்மார்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி சட்டைப் பையில் இருக்கிற பணம் வருமானம் ஆகாது. அதில் நாளைய டீசலும் அடுத்த வருட டயரும் இருக்கின்றன. எழுதினால்தான் தெரியும். என் ஸ்கூட்டருக்கு நானே எழுதிப் பார்த்தேன். இருநூறு இருநூறாகப் போட்டுக்கொண்டு மாதம் எண்ணூறு ஆகும் என்று நினைத்திருந்தேன், 1,540 ஆகிறது. வாரம் ஒருமுறை டயரில் காற்றைப் பாருங்கள், பங்க்கில் இலவசம்தான். அளவில் சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், ஒவ்வொரு பங்க்கிலும் அது இருக்க வேண்டும், கேட்பது நம் உரிமை. கூச்சப்பட வேண்டாம். வாடகை கேட்கும்போதும் மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லாமல், போக இவ்வளவு கிலோமீட்டர், காலியாகத் திரும்ப இவ்வளவு கிலோமீட்டர், டீசல் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். அண்ணன் இப்போது அப்படித்தான் சொல்கிறார். எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் டைரியை எடுத்துக் காட்டிய பிறகு முகம் மாறி, "அப்படியா, இது தெரியாமப் போச்சேண்ணே" என்றவர்களும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்த ஒருவர் 2,600-க்கு மேல் நூறு சேர்த்து, "காலி வண்டிக்கு" என்று சொல்லியே கொடுத்தாராம்.

கேட்காமலே கொடுக்கிறவர்களும் உண்டு. பள்ளத்தூரில் ஓர் ஆச்சி. வருடத்துக்கு ஒரு முறை, நகரத்தார்களுக்கு உரிய ஒன்பது நகரக் கோயிலுக்கும் போவார். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒரே நாளில் முடித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு. வண்டி பேசும்போது முதலில் அவர் கேட்பது, "காரைக்குடில இருந்து இங்க வர்றது, என்னைய எறக்கிட்டுத் திரும்பிப் போறது, ரெண்டையும் சேத்துத்தானே சொல்ற?" சேர்க்கவில்லை என்றால் திட்டுவார். கோயில் வாசலில் நிற்கிற நேரத்தில், "நெழல்ல போட்டு அணைச்சு வையிப்பா, வெந்து போனாலும் பரவாயில்ல, டீசல் ஒங் காசு" என்பார். டிரைவருக்கும் சேர்த்தே இட்லி கட்டிக்கொண்டு வருவார்.

நேற்று ராத்திரி ஆச்சி போன் செய்தார். வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டுமாம். அண்ணன் டைரியில் புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, "காலி" பத்தியில் பள்ளத்தூர் போக வர கிலோமீட்டரை இப்போதே எழுதி வைத்துவிட்டார்.